கண்ணீர் விருந்து

விடிவதற்கு முன்பே ஹவுனானி சமையல் குழியில் தீ வைத்துவிட்டாள்.

சீமைக்கருவேல விறகு சடசடவென்று பற்றிக்கொண்டது. விறகின் மேல் அடுக்கியிருந்த எரிமலைக் கற்களுக்கு நடுவே புகை நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. கரையில் அலைச் சத்தம். கமலோ கிராமத்தில் வேறு யாரும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"கல்லு சிவந்து, அப்புறம் வெளுக்கணும்மா. அதுவரைக்கும் மூடக்கூடாது" என்றார் அவள் அப்பா மோக்கே. மூட்டுவலி அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. இல்லையென்றால் அந்தக் குழிப்பக்கம் இன்னொருவரை அவர் விட்டதே கிடையாது.

"தெரியும்ப்பா."

"அப்புறம், அடுப்புக்கிட்ட சண்டை போடாதே, கறி வேகாது. உன் வாயை எனக்குத் தெரியும்."

"இந்த நேரத்துல நான் யாரோட சண்டை போடறது? பன்றியோடவா?"

பெரியவர் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

தம்பி அலபாயைக் கடல் கொண்டுபோய் இன்றோடு ஒரு வருடம். மீன்பிடிக்கத் தனியாகப் போனவன். படகு மட்டும் மவுயித் தீவின் ஓரம் கவிழ்ந்து கிடந்தது. கடலோரக் காவல்காரர்கள் தேடினார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். புதைக்க உடம்பு இல்லாமலே தேவாலயத்தில் பாட்டுப் பாடி முடித்தார்கள். ஊரே கதறிய அந்தப் பகலில், அக்காக்காரி ஹவுனானி மட்டும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொன்னாள். அழவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும்.

வருடம் திரும்பும் நாளில் கண்ணீர் விருந்து. அன்றைக்கு அழுதவர்கள் எல்லாரும் மறுபடி கூடி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, துக்கத்தை வழியனுப்ப வேண்டும். அதோடு சரி. மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பாட்டு கேட்கலாம், பெண் பூச்சூடலாம்.

போன வாரம் முழுக்க ஹவுனானி பம்பரமாகச் சுழன்றிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பந்தல், மேஜை, சேப்பங்கிழங்கு, வாழைத்தண்டு என்று ஓடினாள். தம்பிக்குச் செய்கிற கடைசி வேலை. ஒரு குறையும் வந்துவிடக்கூடாது.

குறை, சேம்பிலைக் கட்டோடு நடந்து வந்தது.

நோஹேயா, அலபாயின் மனைவி, கட்டை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அப்பா முகம் கழுவ உள்ளே போயிருந்தார்.

"என்ன நிக்கிறே? இலையெல்லாம் கழுவியாச்சா?"

"ஆச்சுக்கா." கொஞ்சம் நிறுத்தினாள். "அக்கா, இன்னிக்கு வென்டல் வர்றாரு."

"வரட்டுமே. ஊரே வருது."

"ஊரோட இல்லக்கா. என்னோட."

கையிலிருந்த கம்பால் விறகைக் கிளறிக்கொண்டிருந்த ஹவுனானி நிமிரவில்லை. கம்பு மட்டும் நின்றுவிட்டது.

வென்டல் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். அலபாயின் கூட்டாளி. துறைமுகத்தில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை.

"எத்தனை நாளா?"

"நாளெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அவர் கேட்டாரு. நான் இந்த விருந்து முடியட்டும்னு சொல்லியிருந்தேன். அவருக்குக் கவாயித் தீவுத் துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்க போயிடலாம்னு..."

"விருந்து முடியற வரைக்கும் பொறுக்க முடியலையா உனக்கு? என் தம்பி பேர்ல மூட்டின தீ இது. இது முன்னாடி நின்னு இன்னொருத்தன் பேரைச் சொல்றே."

"உங்களுக்கு யாரோ சொல்லித் தெரியக்கூடாதுன்னுதான் நானே வந்தேன்."

"ரொம்ப நல்லவ நீ."

"அக்கா..."

"கயோனாவையும் கூட்டிக்கிட்டா?"

நோஹேயா இலைக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வயது கயோனா அலபாயின் ஒரே மகள். தினமும் காலையில் ஹவுனானியின் பேருந்தில் முதல் இருக்கையில் உட்கார்ந்து போகிறவள்.

"சொல்லு. என் தம்பியைக் கடல் கொண்டுபோச்சு. அவன் பொண்ணை நீ கொண்டுபோகப் போறே. அப்படித்தானே?"

"நான் ஒரு வருஷமா இந்த வீட்டுல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் நோஹேயா. குரல் உயரவில்லை. "நீங்க அழல. நீங்க அழாததால நானும் அழ முடியல. ராத்திரி தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழுதேன். இனிமே என்னால முடியாதுக்கா."

"போ. இலையைக் கொண்டுபோய் உள்ள வை."

அந்த நேரத்தில்தான் வென்டலின் டிரக் வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டிகள். ஊரில் எந்த விருந்தானாலும் ஐஸ் கொண்டுவருவது அவன்தான். இறங்கி, தொப்பியைக் கழற்றி, "காலை வணக்கம்க்கா" என்றான்.

ஹவுனானி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினாள். எதையாவது செய்ய வேண்டும். கை சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"லிக்கேக்கே! பசங்களைக் கூப்பிடு. கல்லைப் பரப்பு. மூடலாம்."

சித்தப்பா மகன் லிக்கேக்கே குழியை எட்டிப் பார்த்தான். "அக்கா, நடுவுல இன்னும் கறுப்பாதான் இருக்கு. கொஞ்சம் பொறுத்தா என்ன?"

"நான் சொல்றேன்ல, மூடு."

மூடினார்கள். நசுக்கிய வாழைத்தண்டு, அதன் மேல் அகலமான கீ இலை, அதன் மேல் உப்புத் தடவிய பன்றி, சுற்றிலும் சேம்பிலையில் கட்டிய கறி, மீன் பொட்டலங்கள். மறுபடி இலை, நனைத்த சாக்கு, தார்ப்பாய், கடைசியில் மண். ஹவுனானி மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. எதையோ புதைப்பவள் போல அள்ளி அள்ளிப் போட்டாள்.

மோக்கே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது குழி மேடாகியிருந்தது. அதைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

*

நண்பகலுக்குள் பந்தல் நிரம்பத் தொடங்கியது. மலைப்பக்கத்திலிருந்து மாலைகள் வந்தன. பாறைச் சிப்பி ஒரு வாளி, கடல்பாசி ஒரு கூடை, சேம்புக் கூழ் பெரிய பெரிய பாத்திரங்களில். வந்தவர்கள் முதலில் அலபாயின் படத்துக்கு முன்னால் நின்றார்கள், பிறகு மோக்கேயின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஹவுனானி அப்பாவைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நோஹேயா என்ன சொன்னா தெரியுமா?"

"தெரியும்."

"வென்டலோட..."

"தெரியும்னேன்ல. போன மாசமே வந்தான். இங்கதான் உக்காந்தான். உங்க மருமகளைக் கட்டிக்கலாமான்னு கேட்டான்."



"நீங்க என்ன சொன்னீங்க?"

"விருந்துக்கு வான்னேன்."

"அப்பா! அலபாய் உங்க பிள்ளைப்பா!"

"என் பிள்ளைதான். நீ எனக்குச் சொல்லணுமா?" பெரியவர் பந்தலைக் காட்டினார். "எதுக்குடி இந்த விருந்து வைக்கிறோம்? ஊருக்குச் சோறு போடவா? இந்தப் பொண்ணோட அழுகை முடிஞ்சுதுன்னு நாம எல்லாரும் சேர்ந்து சொல்றதுக்குத்தானே? வாயால முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு, கையால அவ பாவாடையைப் பிடிச்சு இழுப்பியா?"

"கயோனா?"

மோக்கேயின் கண் பந்தலுக்குப் போயிற்று. கயோனா மேஜை மேஜையாகப் போய் உப்புக் கிண்ணம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூத்த குழந்தையை அப்பன் வீட்டுல விட்டுட்டுப் போறது நம்மள்ல உண்டு" என்றார் மெதுவாக. "கேட்டு வாங்கறதுதான் இல்லை. பெத்தவ கொடுக்கணும்."

*

வெயில் சாய்ந்தபோது குழியைத் திறந்தார்கள்.

திறக்கும்போது எல்லாரும் சுற்றி வந்து நிற்பது வழக்கம். மண்ணை வழித்து, தார்ப்பாயைச் சுருட்டி, சாக்கை எடுத்ததும் குப்பென்று ஆவி அடிக்க வேண்டும். அந்த வாசனைக்கே பாதிப் பசி தீர்ந்துவிடும்.

ஆவி வந்தது. ஆனால் சோம்பலாக வந்தது.

லிக்கேக்கே பன்றியின் தொடையைப் பிடித்து இழுத்தான். வெந்த கறி கையோடு வர வேண்டும். வரவில்லை. கத்தியை விட்டுப் பார்த்தான். எலும்போரம் இளஞ்சிவப்பாக நீர் வழிந்தது.

யாரோ ஒரு பெண் ஒரு இலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் வாயில் போட்டாள். உடனே தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். சேம்பிலை சரியாக வேகாவிட்டால் எப்படி அரிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஹவுனானியின் செத்துப்போன அம்மாவுக்குத் தங்கை வயோலா முன்வரிசையில் நின்றிருந்தாள். நாக்கில் நரம்பே இல்லாதவள்.

"கல்லு கொதிக்கல" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "வேற யாருக்கோ மனசு கொதிச்சிருக்கு. அடுப்புக்கிட்ட யாரு சண்டை போட்டது?"

நோஹேயாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. இரண்டொரு கண்கள் அவள் பக்கமும், பந்தல் காலில் சாய்ந்து நின்ற வென்டல் பக்கமும் போய்வந்தன. செய்தி கசிந்திருக்கிறது. இனி பழி எங்கே போய் உட்காரும் என்று ஹவுனானிக்குப் புரிந்தது. புருஷன் விருந்து வேகவில்லை, பெண்டாட்டி மனசு சரியில்லை. நாளைக்குத் தீவு முழுக்க இதைத்தான் பேசுவார்கள். நோஹேயா கவாயிக்குப் போனாலும் இந்தப் பேச்சு படகேறிப் பின்னாலேயே போகும்.

சும்மா இருந்தால் போதும். ஹவுனானி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அவள் கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு குழியின் ஓரத்துக்கு வந்தாள்.

"நான்தான் சித்தி" என்றாள். "கல்லு கறுப்பா இருக்குன்னு லிக்கேக்கே சொன்னான். நான்தான் கோவத்துல மூடச் சொன்னேன். சண்டையும் நான்தான் போட்டேன். நோஹேயா பேசத்தான் வந்தா."

பேருந்தில் பின்னிருக்கைப் பையன்களைக் கூப்பிடும் அதே உரத்த குரல்தான். கடைசிச் சொல்லில் மட்டும் பிசிறு தட்டியது.

வயோலா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "சரி, ஒரு வேளை கறி இல்லாம யாரு செத்துப்போயிட்டாங்க?" என்றாள். "மீன் இருக்கு. கூழ் இருக்கு. உக்காருங்க எல்லாரும். வெறும் வயித்துல நின்னு என்னத்தைப் பார்க்கறீங்க?"

கூட்டம் கலைந்து மேஜைகளுக்குப் போனது. ஹவுனானி தனியாகக் குழியோரம் குனிந்து, பாதி வெந்த இலைகளை வாரி வெளியே போட ஆரம்பித்தாள். பக்கத்தில் இன்னொரு ஜோடி கைகள் வந்து சேர்ந்தன.

"கறியைத் துண்டு போட்டு, கல்லை மறுபடி சுட்டா பொழுது இறங்கறதுக்குள்ள வெந்துடும்க்கா" என்றான் வென்டல். "டிரக்ல விறகு இருக்கு."

போ என்ற சொல் அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் கல் கனமாக இருந்தது. ஒரு ஆளால் தூக்க முடியாது. ஈரச் சாக்கைச் சுற்றி இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

தீ மறுபடி பிடித்தது. பந்தலில் யாரோ உக்குலேலே என்னும் குட்டிக் கிதாரை எடுத்து மெல்ல மீட்டிக்கொண்டிருந்தார்கள். புகைக்கு இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு" என்றாள் ஹவுனானி. "காவல்காரங்க தேடறதை நிறுத்தினதுக்கப்புறமும் நீ தினம் படகு எடுத்துக்கிட்டுப் போனியே. எதுக்கு? அப்பவே நோஹேயாமேல கண்ணா?"

வென்டலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விறகை ஒன்றன்மேல் ஒன்றாக நிதானமாக வைத்தான்.

"ரெண்டாவது வாரமே அவன் இல்லைன்னு எனக்குத் தெரியும்க்கா. கடல்ல இருக்கறவனுக்குத் தெரியாதா? ஆனா சாயங்காலம் நான் வெறும் படகோட திரும்பி வர்றப்ப நீங்க கரையில நிப்பீங்க. தினம் நிப்பீங்க. ஒண்ணும் கேக்க மாட்டீங்க. படகுக்குள்ள எட்டிப் பார்த்துட்டு, நாளைக்கும் போவியான்னு மட்டும் கேப்பீங்க." இன்னொரு விறகை எடுத்து வைத்தான். "போகலைன்னு உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. அதான் போனேன்."

ஹவுனானி தீயைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கரையில் நின்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அங்கே நின்ற தன்னை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதும், அவள் நின்றதால்தான் அவன் கடலுக்குப் போனான் என்பதும் தெரியாது. அலபாய் இல்லை என்று அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்காக ஊரே ஒரு படகை ஓட்டிக்கொண்டிருந்தது.

"அவன் வரமாட்டான்" என்றாள். கேள்வியாக இல்லை.

"வரமாட்டான்க்கா."

முதலில் அவளுக்கே அது இருமல் என்றுதான் தோன்றியது. புகை தொண்டையில் அடைத்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு மண்ணில் உட்கார்ந்தவள், "அலபாய்" என்று கூப்பிட்டாள். சாப்பிட வா என்று சின்ன வயதில் கரையிலிருந்து கூப்பிடுவது போலத்தான் அது ஆரம்பித்தது. முடியும்போது அழுகையாகிவிட்டது.

உக்குலேலே நின்றது. வயோலா மேஜையிலிருந்து எழுந்தாள். அந்தக் காலத்துப் பெண்கள் பிணத்தைச் சுற்றி இழுத்து அழும் அழுகையை, வருடம் முழுக்க அடக்கி வைத்திருந்தவள் போல உரத்து எடுத்தாள். ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஓடிவந்து ஹவுனானியைக் கட்டிக்கொண்டவள் நோஹேயா. நாத்தனாரின் தோளில் முகத்தை வைத்து, தலையணை இல்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி அழுதாள். மோக்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

கடல் அதுபாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது.

*

பொழுது இறங்கும்போது கறி வெந்தது. இந்த முறை மூடச் சொன்னவர் மோக்கே. ஒருவர் தோளைப் பிடித்து நடந்து வந்து, கல்லின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்து, "ம்" என்றிருந்தார். அந்த ஒரு 'ம்'முக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

அழுது முடித்தவர்களின் பசி பெரிய பசி. வெந்த கறி விரலில் நாராக உரிந்து வந்தது. கூழில் தொட்டு, உப்பில் தொட்டு, கடல்பாசியோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள். அலபாய் ஒருமுறை சுறா என்று நினைத்துத் தன் சொந்த வலையையே அடித்த கதையை யாரோ எடுத்துவிட, பந்தல் சிரித்தது. சிரிக்கலாமா என்று ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹவுனானி பெரிய தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பரிமாறி வந்தாள். நோஹேயாவின் இலையில் வைத்தாள். பக்கத்து இலையின் முன் கை கொஞ்சம் நின்றது. வென்டல் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தொடைக்கறி வேணுமா, விலாவா?" என்றாள்.

"எதுன்னாலும் சரிக்கா."

"எதுன்னாலும் சரின்னு சொல்றவனை நம்பி எப்படிப்பா பொண்ணு கொடுக்கறது?" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நோஹேயா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் இலையில் விழுந்தது.

மோக்கே எழுந்து நின்று ஜெபம் சொன்னார். அழுகை முடிந்தது என்றார். எல்லாரும் ஆமென் என்றார்கள். வயோலா ஒரு மல்லிகை மாலையைக் கொண்டுவந்து நோஹேயாவின் கழுத்தில் போட்டாள்.

விளக்குகள் ஏற்றினார்கள். ஹவுனானி நாள் முழுவதிலும் முதல்முறையாக உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டாள். கால் இரண்டும் கெஞ்சின. கயோனா வந்து மடியில் ஏறிக்கொண்டாள். மடியில் ஏறுகிற வயதைத் தாண்டிவிட்டவள்தான். கையெல்லாம் தேங்காய்ப்பால் களியின் பிசுபிசுப்பு.

"அத்தை."

"என்னடி?"

"அம்மா கவாயிக்குப் போகப்போறா. எனக்குத் தெரியும். நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டுப் பேசிட்டாங்க."

ஹவுனானி அவள் முடியைக் கோதினாள்.

"வென்டல் மாமா நல்லவர்தான்" என்றாள் குழந்தை, யோசித்துப் பார்த்து முடிவு செய்தவள் போல. "ஆனா நான் போகல. உன்கூடவே இருக்கேன். இருக்கட்டுமா?"

பின்னால் மணலில் காலடி வந்து நின்றது. ஹவுனானி திரும்பிப் பார்த்தாள். கழுத்தில் மாலையோடு நோஹேயா நின்றுகொண்டிருந்தாள். குழந்தைக்குப் போர்த்த ஒரு துணி கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

வேண்டாம் என்றோ, வைத்துக்கொள்ளுங்கள் என்றோ நோஹேயாவின் கண்ணில் இல்லை. அவளும் பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

காலையில் இதே கேள்வி வந்திருந்தால், குழந்தை வாயை மூடுவதற்குள் ஹவுனானி சரியென்று சொல்லியிருப்பாள். இப்போது, பெத்தவ கொடுக்கணும் என்று அப்பா சொன்னது காதில் நின்றது.

"அத்தை, கேக்கறேன்ல? இருக்கட்டுமா?"